பழைய ஃபோர்வீலுக்கு மாற்று பாடி சாமான்: வாங்குமுன் எதை அளப்பது, எதைத் தட்டிப் பார்ப்பது

செம்பனைத் தோட்டத்தில் ஓடும் வண்டிக்குத் துரு உர மூட்டையோடு ஏறி வருகிறது. எம்ஓபி என்று கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா) கணக்கில் எழுதும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்புக்கு ஒன்றுவிட்ட தம்பி. மூட்டை ஓரத்தில் சிந்தும் பொடி பின்தட்டின் (சாமான் ஏற்றும் பின்பகுதியின்) மடிப்புக்குள் இறங்கும். மழை ஈரத்தில் கரைந்து, இரண்டு தகடு ஒட்டும் சந்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே தகடு பொரியாகிவிடும். மலேசியாவின் தாப்பா, பீடோர் வட்டாரத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் சுசுகி எஸ்ஜே410, டைஹாட்சு டாஃப்ட், பழைய ஹைலக்ஸ், கேமரன் மலையிலிருந்து 59ஆம் எண் சாலையில் இறங்கி வரும் லேண்ட்ரோவர் என்று எதற்கும் இதில் விதிவிலக்கு இல்லை. ரப்பர் தோட்டத்து வண்டி என்றால் பால் உறைய ஊற்றும் ஃபார்மிக் அமிலமும் சேர்ந்துகொள்ளும்.

இந்த வயது வண்டிகளுக்குக் கம்பெனி போட்ட புதுத் தகடு கிடைப்பது அரிது. அதனால் தைவான் சாமான், இந்தியச் சாமான், இந்தோனேசியச் சாமான், உள்ளூர் பட்டறையில் மடக்கி அடித்தது, ஃபைபர் என்று ஏதோ ஒன்றில்தான் போய் நிற்க வேண்டும். கடையில் தொங்கும் கறுப்பு ஃபெண்டர் எல்லாம் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். பார்க்க வேண்டியது வேறு இரண்டு விஷயம்: அந்தத் தகடு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போகிறது, அதற்குள் போகும் தண்ணீர் எந்த வழியாக வெளியே வரும். இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் வாங்கினால், எவ்வளவு நல்ல சாமானும் அடுத்த மழைக்காலத்துக்குள் பழையதாகிவிடும்.

முதலில் வண்டியைத் தட்டுங்கள்

கடைக்குப் போகுமுன் அரை நாள் வண்டிக்கு அடியில் போகட்டும். சின்னச் சுத்தியல், தட்டை ஸ்க்ரூடிரைவர், டார்ச், காந்தம், அளவு டேப், ஒரு துண்டு சாக்கட்டி போதும். ரப்பர் விரிப்பு, கார்பெட் எல்லாவற்றையும் கழற்றி வெளியே போடுங்கள். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனால் நல்ல தகடு 'டங்' என்று பதில் சொல்லும். துருப்பிடித்ததும் புட்டி அடைத்ததும் 'டொக்' என்று ஊமையாக நிற்கும். ஊமைச் சத்தம் வரும் இடத்தைச் சாக்கட்டியால் வட்டமிட்டு, நுனியால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போனால் அந்த வட்டத்தைச் சுற்றி இன்னும் 5 சென்டிமீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓட்டை தெரியும் இடத்தைவிடத் தகடு மெலிந்த இடம் எப்போதும் பெரிது.

எஸ்ஜே410இல் முதலில் பார்க்க வேண்டியது முன் ஃபெண்டரின் பின்கீழ் மூலை. சக்கரம் வாரி அடிக்கும் செம்மண் அங்கே கட்டியாக நின்று, வெயில் நாளிலும் ஈரத்தை விடாது. பிறகு கால் வைக்கும் தரை, பின் சக்கர வளைவின் உட்பக்கம், கண்ணாடிச் சட்டத்தின் கீழ்ப்பட்டை, கதவின் அடிமடிப்பு. ஹைலக்ஸில் கேபின் பின்மூலைகளும், பின்தட்டின் முன்சுவரும். லேண்ட்ரோவரின் கதை கொஞ்சம் வேறு. அதன் வெளித்தோல் அலுமினியக் கலவை, அது துருப்பிடிக்காது என்று நம்பி விட்டுவிடுவார்கள். ஆனால் பெடல், ஸ்டீயரிங், கதவுக் கீல் எல்லாம் தொங்கும் பல்க்ஹெட், அதாவது எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே நிற்கும் சுவர், இரும்பு. கதவுக்குள் இருக்கும் சட்டமும் இரும்பு. அலுமினியமும் இரும்பும் உப்புத் தண்ணீரில் ஒன்றையொன்று தொட்டால் அங்கே ஒரு சின்ன பேட்டரியே உருவாகிவிடும். அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும், உள்ளே இரும்புச் சட்டம் தன் பங்குக்குத் துருப்பிடித்து ஊதி, தோலைப் பிதுக்கும். கதவோரத்தில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழுந்திருந்தால் தோலை மட்டும் மாற்றிப் பயனில்லை.

வட்டமிட்ட பிறகு இரண்டாகப் பிரியுங்கள். ஃபெண்டர், பொனெட், கதவு, டெயில்கேட், கிரில், மடங்கும் கண்ணாடிச் சட்டம் இவை போல்ட் சாமான். ஒரு சாவிப் பெட்டி (ஸ்பேனர் செட்) இருந்தால் வீட்டு முற்றத்திலேயே மாற்றலாம். தரைத் தகடு, கதவுக்குக் கீழ் ஓடும் பட்டை, சக்கர வளைவு, கேபின் மூலை இவை வெல்டிங் சாமான், நாக்கிங் கடை (தகடு தட்டிச் சரிசெய்யும் பட்டறை) வேலை. வெல்டிங் சாமான் தேவைப்படும் வண்டியில் போல்ட் சாமானை முதலில் வாங்காதீர்கள். தரையும் தூணும் சரியான இடத்துக்கு வருமுன் கதவின் இடைவெளி என்ன என்பதை யாராலும் சொல்ல முடியாது.

அதற்கும் முன்னால் ஒன்று: பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் கட்டைகள். பழைய வண்டியில் இவை நசுங்கிப் பாதி உயரத்துக்கு வந்திருக்கும், அதுவும் பக்கத்துக்குப் பக்கம் ஒரே அளவில் நசுங்கியிருக்காது. ஃபெண்டரை நேராக்கிவிட்டுப் பிறகு இவற்றை மாற்றினால் பாடி எழும்பி, செய்த நேர்த்தி எல்லாம் கெட்டுப்போகும். ரப்பர் முதலில். பாடி சாமானில் மிக மலிவான செலவு இதுதான், மிக அதிகமாகத் தள்ளிப்போடப்படுவதும் இதுதான்.

கேட்கும்போது எண்ணாகக் கேளுங்கள்

"அண்ணே, சுசுகி ஜீப் ஃபெண்டர் இருக்கா?" என்று கேட்டால், கடைக்காரர் இருப்பதை எடுத்து நீட்டுவார். மாடல் குறி, ஆண்டு, வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு நடுவே உள்ள தூரம்), பாடி வகை நான்கையும் எழுதிக்கொண்டு போங்கள். 1981இல் வந்த எஸ்ஜே410 கட்டை வண்டியின் (நீளம் குறைந்த ரகத்தின்) வீல்பேஸ் 2030 மி.மீ. அதே வண்டி இந்தியாவில் மாருதி ஜிப்சி என்ற பெயரில் 1985 முதல் ஓடியது, ஆனால் அதன் வீல்பேஸ் 2375. அதனால் இந்தியாவிலிருந்து வரும் ஜிப்சி சாமானில் முன்பக்கத்துத் தகடுகளை அளந்து பார்த்து எடுக்கலாம். பின்பக்கத் தொட்டியோ நீளப் பட்டையோ கட்டை வண்டிக்கு 345 மி.மீ. கூடுதல். அடுத்த மாடலான எஸ்ஜே413 வந்தபோது முகப்பு மாறியது, ஆகவே 410இன் பொனெட்டும் கிரில்லும் அதோடு கலக்காது. ஒரு மூக்கை மாற்றினால் கூட்டாளிகளையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும்.

லேண்ட்ரோவர் சீரீஸ் 2, 1958இல் வந்தது. அதிலும் 2ஏயின் ஆரம்ப வண்டிகளிலும் ஹெட்லைட் நடுவில், கிரில் பக்கத்தில் இருக்கும். 1960களின் கடைசியில் லைட் ஃபெண்டருக்கு நகர்ந்தது; 1971இல் வந்த சீரீஸ் 3 அப்படியே தொடர்ந்தது. ஆகவே '2ஏ ஃபெண்டர்' என்று மட்டும் சொன்னால் எந்த 2ஏ என்பது யாருக்கும் தெரியாது. லைட் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள், அல்லது படம் காட்டுங்கள். வீல்பேஸ் 88 அங்குலமா 109 அங்குலமா என்பதையும் சேர்த்து.

அடுத்தது ஸ்டீயரிங் எந்தப் பக்கம். ஆன்லைனில் வாங்குகிறவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான். நம் வண்டி வலது ஸ்டீயரிங். இந்தியா, இந்தோனேசியா, தாய்லாந்து, ஆஸ்திரேலியா, ஜப்பான், இங்கிலாந்து எல்லாம் அப்படியே. தைவான், பிலிப்பைன்ஸ், அமெரிக்கா இடது ஸ்டீயரிங் நாடுகள். பொனெட், டெயில்கேட், கதவுத் தோல் போன்றவற்றுக்கு இதனால் பாதிப்பு இல்லை. பல்க்ஹெட், கண்ணாடிக்குக் கீழ் வரும் கௌல் தகடு, முன்தரை மூன்றுக்கும் முழுப் பாதிப்பு. பெடல் ஓட்டை, ஸ்டீயரிங் தண்டின் ஓட்டை, வைப்பர் ஓட்டை எல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி மாறி நிற்கும். ஓட்டையை அடைத்து வேறிடத்தில் வெட்டிக்கொள்ளலாம் என்று நாக்கிங் கடையில் சொல்வார்கள். பிரேக் பெடல் மிதிக்கும் சுமையைத் தாங்க உள்ளே ஒட்டியிருக்கும் தடித்த தகட்டையும் கூடவே மாற்றிப் பற்ற வைப்பார்களா என்று கேளுங்கள். பதில் தயங்கி வந்தால் வேண்டாம்.

விற்பவர் தூரத்தில் இருந்தால், டேப்பைத் தகட்டின் மேலேயே வைத்து எடுத்த படம் கேளுங்கள். மொத்த நீள அகலத்தைவிட ஓட்டைக்கு ஓட்டை மையத்திலிருந்து மையம் எவ்வளவு என்பது முக்கியம். உங்கள் பழைய ஃபெண்டரில் முதல் போல்ட்டிலிருந்து கடைசி போல்ட் வரை அளந்து வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். 2, 3 மி.மீ. வித்தியாசம் என்றால் ஓட்டையை நீட்டிச் சமாளிக்கலாம். 8 மி.மீ. என்றால் அது வேறு வண்டியின் ஃபெண்டர்.

இரும்பா, அலுமினியமா, ஃபைபரா

எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்த இடத்துக்கு என்று கேட்க வேண்டும்.

ஜப்பான் வண்டிகளின் தோல் தகடு பொதுவாக 0.7 முதல் 0.9 மி.மீ. இரும்பு. அச்சில் அழுத்தி எடுத்த மாற்றுச் சாமானும் அந்த அளவில் இருந்தால் போதும். ஒரு சதுர மீட்டர் 1 மி.மீ. இரும்பு 7.85 கிலோ என்று வைத்துக்கொண்டால், கையில் தூக்கிப் பார்த்தே ஏமாற்றுவேலையைக் கண்டுபிடித்துவிடலாம். தடிமனாக இருந்தால் நல்லது என்று சிலர் உள்ளூர் பட்டறையில் 18 கேஜ், அதாவது 1.2 மி.மீ. தகட்டில் ஃபெண்டர் அடிக்கச் சொல்வார்கள். தரைக்கும் பின்தட்டுக்கும் அது சரி. ஃபெண்டருக்கு வேண்டாம். பிடித்திருக்கும் சின்ன பிராக்கெட்டுகள் அந்தக் கூடுதல் எடையைத் தாங்காமல், தோட்டத்துக் குழிப்பாதையில் பற்றவைப்பு ஓரத்திலேயே கீறி விடும். வளைவும் அச்சில் வந்த மாதிரி வராது. புட்டி போட்டுத்தான் சரிசெய்வார்கள், புட்டி பிறகு உதிரும்.

துத்தநாகம் பூசிய தகடு, கால்வனைஸ், தரைக்கும் பட்டைக்கும் அருமையான தேர்வு. ஆனால் பற்ற வைக்கும் முன் ஓரத்தில் இரண்டு பக்கமும் 25 மி.மீ. அளவுக்குப் பூச்சைத் தேய்த்து எடுக்க வேண்டும். துத்தநாகம் 907 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். இரும்பு உருக 1,500 டிகிரிப் பக்கம் வேண்டும். எடுக்காமல் பற்ற வைத்தால் தையலில் குமிழ் குமிழாக ஓட்டை விழும், வெள்ளைப் புகை மூச்சில் ஏறி அன்று இரவே குளிர் ஜுரம் அடிக்கும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறைகளில் சொல்லிக்கொண்டு இருப்பார்கள். காற்றோட்டமும் சரியான முகமூடியும்தான் மருந்து. லேண்ட்ரோவருக்கு முழுக்க முக்கியெடுத்த பல்க்ஹெட் கிடைக்கும். துத்தநாகத் தொட்டியின் சூடு ஏறக்குறைய 450 டிகிரி, மெல்லிய தகடு அதில் முறுக்கிக்கொள்ளும். வாங்கியதும் கதவுத் தூண்களுக்கு நடுவே இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து, இரண்டும் சமமா என்று பார்த்துவிடுங்கள்.

ஸ்டெயின்லெஸ் என்றால் நிம்மதி என்று நினைப்பவர்கள் உண்டு. உர மூட்டை ஏற்றும் வண்டிக்கு 304 ரகம் குளோரைடில் புள்ளி புள்ளியாக அரிக்கும். 316 தாங்கும், அதில் மாலிப்டினம் சேர்ந்திருக்கிறது, விலையும் சேர்ந்திருக்கிறது. இரண்டில் எதைப் போட்டாலும் அதோடு ஒட்டி நிற்கும் சாதா இரும்பு முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். அலங்காரப் பட்டைக்குப் போடலாம். தரைக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

அலுமினியம் எடை குறைவு; 2 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 5.4 கிலோ. ரகம் கேட்டு வாங்குங்கள். போர்டு எழுதும் கடைகளில் கிடைக்கும் 1100 ரகம் மிகவும் மெத்து, முழங்கை பட்டாலே குழியும். 5052 ரகம் தோட்டத்து உப்புக்கும் தாக்குப்பிடிக்கும். இரும்போடு சேரும் இடத்தில் நேராகத் தொடக் கூடாது: நடுவே ரப்பர் பட்டை அல்லது தடித்த டேப், போல்ட்டுக்கு நைலான் வாஷர், சந்து முழுக்க சீலன்ட். இதைச் செய்யாதவர்கள் இரண்டு வருஷத்தில் போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடியைப் பார்ப்பார்கள்.

ஃபைபர் ஃபெண்டரும் பொனெட்டும் இந்த ஊர் மழைக்கும் உரத்துக்கும் நல்ல பொருத்தம்தான், துருவே கிடையாது. ஆனால் நல்ல ஃபைபரும் மோசமான ஃபைபரும் முன்பக்கத்தில் ஒரே பளபளப்புதான். திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். 450 கிராம் பாய் (சதுர மீட்டருக்கு அந்த எடையுள்ள கண்ணாடி நார் விரிப்பு) மூன்று அடுக்கு போட்டால் சுமார் 3 மி.மீ. வரும், அதற்குக் குறைந்தால் ஃபெண்டருக்குப் போதாது. வெள்ளை நார் வறண்டு தெரிந்தால் ரெசின் சரியாக ஊறவில்லை. காசு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள், சத்தம் பொத்தென்று மாறும் இடத்தில் மேல்பூச்சுக்கு அடியில் காற்றுக்குமிழ் இருக்கிறது, வெயில் பட்டதும் அது உடைந்து குழியாகும். மூக்கைக் குத்தும் ரெசின் வாடை இன்னும் அடித்தால் சரியாக இறுகவில்லை; வண்டியில் பூட்டிய பிறகு சுருங்கி வளையும். அப்படிப்பட்டதைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

ஃபைபருக்கு மாறும்போது எர்த் வயரை மறக்கிறவர்கள் ஏராளம். இரும்பு ஃபெண்டரில் சிக்னல் லைட்டின் எர்த், தகடு வழியாகவே ஓடிக்கொண்டிருந்திருக்கும். ஃபைபர் போட்டதும் லைட் மங்கும், சிக்னல் வெட்டுவெட்டென்று அடிக்கும் அல்லது அடிக்கவே அடிக்காது. போமன் (மெக்கானிக்) பல்பையும் ரிலேவையும் மாற்றிக்கொண்டு இருப்பார். ஒவ்வொரு லைட்டிலிருந்தும் 2.5 சதுர மி.மீ. வயர் ஒன்றை சேசிஸில் தேய்த்துச் சுத்தம் செய்த இடத்துக்கு இழுத்து முடுக்குங்கள். போல்ட் ஓட்டையை 2 மி.மீ. பெரிதாகவே துளைத்து, 30 மி.மீ. அகல வாஷர் போடுங்கள்; சின்ன வாஷர் நார்களை நசுக்கி நட்சத்திரக் கீறல் போடும். கதவு, தரை, சீட் பெல்ட் மாட்டும் இடம் எதற்கும் ஃபைபர் வேண்டாம். அங்கே அது தோல், எலும்பு கிடையாது.

கடையில் கையில் எடுத்ததும்

கறுப்புப் பூச்சைச் சோதிப்பதுதான் முதல் வேலை. ஒரு துணியில் தின்னர் நனைத்து, மறைவான ஓரத்தில் 20 வினாடி அழுத்தித் தேயுங்கள். துணி கறுப்பாகாவிட்டால் அது மின்சாரத் தொட்டியில் முக்கிய பிரைமர். 320 மணல்தாளால் லேசாகத் தேய்த்து அதன் மேலேயே வேலையைத் தொடரலாம். கறுப்பு துணியோடு வந்தால், கப்பலில் வரும் வழிக்கு மட்டும் அடித்த பெயின்ட். அது முழுவதையும் கழற்றிவிட்டு புது பிரைமர் போட வேண்டும். இல்லையென்றால் மேலே எவ்வளவு விலையுயர்ந்த பெயின்ட் அடித்தாலும் அடிப்பூச்சோடு தோலாக உரியும். கடைக்காரர் அனுமதிக்கவில்லை என்றால் அந்தக் கழற்றும் வேலையையும் விலையில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பிறகு கதவின் அடிமடிப்பு. தண்ணீர் இறங்கும் துளைகள் இருக்கின்றனவா, பெயின்ட் அடைத்திருக்கிறதா? அசல் கதவில் இருக்கும் அத்தனை துளையும் மாற்றில் இருக்க வேண்டும். சில மலிவுச் சாமானில் அந்தத் துளையே கிடையாது. மடிப்புக்குள் சீலன்ட் ஓடியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். உள்பக்க பிராக்கெட்டுகளின் பற்றவைப்புப் புள்ளிகளைப் பாருங்கள்: புள்ளிக்குப் புள்ளி 3 அல்லது 4 சென்டிமீட்டர் தூரத்தில் சீராக இருந்தால் சரி, ஒரு பிராக்கெட்டை இரண்டே புள்ளியில் ஒட்டியிருந்தால் அது பாதையில் கழன்றுவிடும். கண்ணாடி ஏற்றி இறக்கும் தண்டவாளம், பூட்டுப் பெட்டியின் ஓட்டை, நட் ஒட்டிய இடங்கள் எல்லாம் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முடிந்தால் பழைய ஃபெண்டரையே தூக்கிக்கொண்டு போய், புதியதன் மேல் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். கடைக்காரர் சிரிப்பார், பரவாயில்லை.

ஈப்போ பக்கத்து ஹாஃப்கட் (பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய வண்டி) கடைகளிலும் சாமான் வெட்டும் கிடங்குகளிலும் கிடைக்கும் பழைய அசல் தகட்டை இளக்காரமாக நினைக்காதீர்கள். அடிமடிப்பில் கை அகலத் துரு மட்டும் உள்ள அசல் கதவு, புது மாற்றுக் கதவைவிடப் பல நேரங்களில் நன்றாக உட்காரும். கீல், பூட்டு, கண்ணாடி எல்லாம் அதன் அளவுக்கே வெட்டியவை. ஒரு தாளை வைத்து அதன் மேல் காந்தத்தை நகர்த்துங்கள். பிடி தளரும் இடத்தில் புட்டி இருக்கிறது.

தபாலில் வரவழைப்பதாக இருந்தால் எடையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். விமான கூரியர் கணக்கு பெரும்பாலும் நீளம், அகலம், உயரம் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பது. 130க்கு 120க்கு 15 பெட்டியில் வரும் பொனெட் நிஜத்தில் 10 கிலோ சொச்சம், கணக்கில் 46.8 கிலோ. கப்பலில் கன மீட்டர் கணக்கு, அதனால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே பெட்டியில் எடுத்தால் கட்டுப்படியாகும். வந்த பெட்டியைப் பிரிக்கும்போதே படம் எடுங்கள். மூலையில் நெளிந்த ஃபெண்டரை ஒருமுறை பெயின்ட் அடித்துவிட்டால் எந்தக் கடையும் திரும்ப எடுக்காது.

பூட்டும் வரிசை

பெயின்ட் கடைசி. முதலில் வெறும் தகடாகவே எல்லாவற்றையும் பூட்டிப் பார்க்க வேண்டும்.

வண்டி சமதரையில் தன் நான்கு சக்கரத்தில் நிற்கட்டும். ஜாக்கில் தூக்கி வைத்துக் கதவைச் சரிசெய்தால், இறக்கிய பிறகு கதவு சாத்தாது. தரையோ தூணோ வெட்டும் வேலை இருந்தால், வெட்டுமுன் இரண்டு கதவு வாயிலிலும் 25 மி.மீ. சதுரக் குழாயைக் குறுக்கே தற்காலிகமாகப் பற்ற வையுங்கள். இல்லாவிட்டால் பாடி பிளந்து விரியும், பிறகு அது தன் இடத்துக்கு வராது. பெட்ரோல் டேங்கியைக் கழற்றி வெளியே வைத்து, பேட்டரி வயரை எடுத்துவிட்டுத்தான் வெல்டிங்.

பழைய போல்ட்டுகளுக்கு முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். ஜப்பான் வண்டிகளில் ஃபெண்டர் போல்ட் பெரும்பாலும் எம்6, 10 மி.மீ. சாவி. பழைய லேண்ட்ரோவரில் அங்குல அளவு, மி.மீ. சாவி போட்டால் தலை உருண்டுவிடும். தகட்டுக்குப் பின்னால் கூண்டில் ஒட்டிய நட் சேர்ந்து சுற்ற ஆரம்பித்தால் பலம் கொடுக்காதீர்கள், கூண்டு கிழிந்து ஓட்டை பெரிதாகும். போல்ட் தலையை கிரைண்டரில் வெட்டிவிட்டு அந்த இடத்தில் ரிவெட் நட் போடுவது சுத்தமான வழி.

முதலில் கதவு. கீல் பின் தேய்ந்து ஆட்டம் இருந்தால் அதை மாற்றிய பிறகுதான். கதவுக்கு அடியில் மரக்கட்டை வைத்து டிராலி ஜாக்கில் தாங்கி, பின் தூணோடு இடைவெளியைச் சமப்படுத்துங்கள். ஜப்பான் வண்டிக்கு 5 மி.மீ. இடைவெளி, மேலுக்கும் கீழுக்கும் 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. லேண்ட்ரோவருக்குத் தொழிற்சாலையிலிருந்து வந்தபோதே இவ்வளவு நேர்த்தி இல்லை, ஆகவே மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். கதவுக்கு ஏற்ப ஃபெண்டர், ஃபெண்டர்களுக்கு ஏற்ப பொனெட், கடைசியில் கிரில். எல்லா போல்ட்டையும் பாதி முடுக்கிலேயே விட்டு வையுங்கள். உயரம் குறைந்தால் 1 மி.மீ. தகட்டை அடியில் கொடுக்கலாம். பொனெட்டை முதல் முறை மெதுவாக, கையைக் கீழே வைத்துக்கொண்டே சாத்துங்கள். பூட்டு கொஞ்சம் விலகியிருந்தால் மாட்டிக்கொண்டு திறக்காது, அப்புறம் கிரில்லைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும்.

எல்லாம் சரியாக உட்கார்ந்ததும் கழற்றி, உட்பக்கத்தையும் சேர்த்துப் பெயின்ட் அடியுங்கள். வெளியில் மூன்று கோட், உள்ளே வெறும் பிரைமர் என்பது இந்த ஊரில் எதிர்மாறான கணக்கு. பூட்டிய பிறகு கதவு, பட்டை, கேபின் மூலை ஆகிய குழிகளுக்குள் கேவிட்டி வேக்ஸை நீளக் குழாய் வைத்து அடித்து, கீழ்த்துளை வழியாகச் சொட்டும் வரை விடுங்கள். பிறகு அந்தத் துளையைக் கம்பியால் குத்தித் திறந்து வையுங்கள். சக்கர வளைவுக்கு ஃபிளேர் (வெளியே நீட்டும் விளிம்பு) பூட்டினால் ஒவ்வொரு ரிவெட் ஓட்டையிலும் பெயின்டும் சீலன்டும் தொட்டு வையுங்கள். துரு எப்போதும் அந்தச் சின்ன ஓட்டையில்தான் ஆரம்பிக்கும். பின்தட்டில் பிளாஸ்டிக் பெட்லைனர் போட்டிருந்தால் அதற்கு அடியில் உரத் தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கும். மூட்டை ஏற்றும் வண்டிக்கு அதைக் கழற்றிவிட்டு, தெளித்து ஒட்டும் பூச்சு போடுவது மேல். உரம் ஏற்றிய நாளன்றே அடியிலும் மடிப்பிலும் வெறும் தண்ணீர் அடித்துக் கழுவினால் போதும், சோப்பு தேவையில்லை.

கிராண்ட் (வண்டிப் பதிவுப் பத்திரம்) விஷயம்

சேசிஸ் எண் அடித்த இடத்தில் கிரைண்டர் படவே கூடாது. மேலே துரு இருந்தாலும் கையால் துடைத்து, தெளிவான வேக்ஸ் பூசி விடுங்கள். எண் படிக்க முடியாமல் போனால் பெயர் மாற்றும்போது பி5 ஆய்வில் வண்டி நிற்கும். பல்க்ஹெட்டை மாற்றினால் அதில் ரிவெட் அடித்திருந்த அடையாளத் தட்டு பழைய தகட்டோடு சாமான் கடைக்குப் போய்விடும். கழற்றுமுன் இருந்த இடத்தோடு படம் எடுத்து, தட்டைப் பத்திரப்படுத்துங்கள். பிக்கப்பை மூடிய வண்டியாகவோ மூடியதைத் திறந்ததாகவோ மாற்றுவது வெறும் சாமான் மாற்றம் ஆகாது. பாடி வகையே மாறுகிறது, ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி முதலில், வெட்டுவது பிறகு. முழு வண்டியின் நிறம் மாறினாலும் ஜேபிஜேயில் பதிய வேண்டும்.

பழைய தகடுகளைக் கடைசி போல்ட் முடுக்கும் வரை காயலான் (பழைய இரும்பு) லோரியில் ஏற்றாதீர்கள். மாற்றுச் சாமானில் இல்லாத ஒரு கிளிப், வயர் தாங்கும் ஒரு சின்ன பிராக்கெட், கண்ணாடிக்கு அடியில் ஓடும் ஒரு ரப்பர் எப்படியும் அதிலிருந்துதான் கழற்ற வேண்டிவரும்.